வடிகாலில் நின்ற எட்டு வாழை

நெல் தண்ணீரில் நிற்கும், வாழை நிற்காது. அதன் வேர் மூச்சுவிட வேண்டும். அதனால் எங்கள் தாமிரபரணிக் கடைமடையில் வாழை வைப்பவர்கள் வரிசைகளுக்கு நடுவே பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்து நீர் வடிகாலில் விழும். வடிகால் உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குப் போகும். வடிகாலின் அடி பள்ளத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மேடானால் தண்ணீர் வயலுக்கே திரும்பி வரும்.

தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை ஊரே கூடித் தூர்வாரும். கொண்டுபோகும் வடிகாலை யாரும் தொடுவதில்லை. அதில் படியும் வண்டல் கொழுத்தது. பக்கத்து வயல்காரர் அதில் வாழை ஊன்றிக்கொள்வார். என் அண்ணன் எட்டு ஊன்றி, சுற்றிலும் மண் அணைத்திருந்தார். அங்கே விளையும் முதல் தாரைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் ஊரில் கேள்வி வராது.

அந்த மார்கழி மழையில் நான் தூத்துக்குடியில் இருந்தேன். ஓடையை அடைத்து வீடு கட்டியவர்களால்தான் தெருக்கள் மூழ்கின என்று பத்திரிகையில் கடுமையாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள், எங்களுக்கு மேல் வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, தண்ணி அப்படியே நிக்கி. ஒங்க அண்ணன் அந்த எட்டு வாழைய எடுத்தா எனக்கு ஆயிரம் வாழை பொழைக்கும். நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ.”

அண்ணனைக் கூப்பிட்டேன்.

“குலை தள்ளிட்டுலா! மழை வெறிச்சா தானா வடியும்.”

“அதுவரைக்கும் அவரு வாழை தாங்குமா?”

“அவன் வாழைக்கு நீச்சல் பழக்கச் சொல்லு. ஏலே, நீ பேப்பர்ல எழுதுத வேலையப் பாரு.”

அதைத்தான் பார்த்தேன். இன்னொரு முறை கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் மழை விட்டு நான் ஊருக்குப் போனபோது, குத்தகைக்காரர் மண்வெட்டியோடு வடிகாலில் இறங்கியிருந்தார். அண்ணன் தடுக்கவில்லை. எட்டையும் வெட்டி, மண்ணை அள்ளிக் கரையில் போட்டதும் தண்ணீர் நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் வயல் வடிந்துவிட்டது.

“என்ன அழகாப் போவுது பாருங்க அண்ணாச்சி” என்றார் அவர். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பத்தே நாளில் அவர் வாழைகள் இலை பழுத்து, அடி அழுகிச் சாய்ந்தன. குத்தகையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலைக்குப் போனார்.

அந்த வயல் இப்போது அண்ணனின் குத்தகையில் இருக்கிறது. ஜேசிபி கொண்டுவந்து வடிகாலை இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிய பிறகுதான் வயலில் கன்று ஊன்றினார்.