ஒரு சுரம் மேலே நின்ற ஆர்கன்

தொபியாஸ் க்ரும் ரோட்டன்பாக் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தேவாலயத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. 1731, இலையுதிர்காலம். அவனுக்கு இருபத்தாறு வயது. சாக்ஸனியின் அந்தச் சின்ன நகரத்தில் கேன்ட்டர் வேலை கிடைத்திருந்தது: பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீனும் பாட்டும் சொல்லிக் கொடுப்பது, ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் புதிதாக இசை அமைத்து நடத்துவது. முதல் வருஷம் சோதனைதான். அடுத்த கோடையில் புது நகரசபை பதவியேற்கும் நாளில் அவனுடைய இசையைக் கேட்டுவிட்டு, வேலை நிரந்தரமா, மூட்டை கட்ட வேண்டியதா என்று சபை சொல்லும்.

அதுவரை அவன் ஓர் இளவரசரின் அரண்மனையில் வயலின் வாசித்தவன். அங்கே ஆர்கனும் வயலினும் ஒரே சுருதி. ரோட்டன்பாக்கில் ஆர்கன் மற்ற வாத்தியங்களைவிட ஒரு சுரம் மேலே நின்றது. ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு சுரம் இறக்கி எழுதித் தர வேண்டும். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் அவனிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே உயரத்தில் எழுதிக் கொடுத்தான். ஆர்கன் சேர்ந்த நொடியில் முன்வரிசைக் கசாப்புக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க எழுதினதை நான் வாசிச்சேன், கேன்ட்டர் ஐயா," என்றார் ஆர்கன்காரர் ஹைனிக்கே, அலட்டிக்கொள்ளாமல். "கழுதைச் சந்தையை எழுதினது நீங்க."

"பாத்ததும் ஒரு சுரம் இறக்கி வாசிக்க உங்களுக்கு வராதா ஐயா?"

"நல்லா வரும். எதுக்கு வாசிக்கணும்?"

அதே வேலைக்கு ஹைனிக்கேயும் மனுப் போட்டிருந்தார் என்பது தொபியாஸுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேறொருவன் முறைத்துக்கொண்டு போயிருப்பான். தொபியாஸ் மறுநாள் காலையில், ஓர் அறை அளவு பெரிதான அந்தக் குழாய் ஆர்கனுக்குள்ளே ஏறிவிட்டான்.

"இந்தக் குழாயெல்லாம் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?"

"நீளமாச் செஞ்சா ஈயம் நிறைய வேணும். அந்தக் காலத்து நகரசபை காசை இழுத்துப் பிடிக்கும். குழாய் குட்டையாச்சு, சுருதி ஏறிப்போச்சு. இறங்கு, சட்டை கிழியும்."

இறங்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது. பனிக்காலம் வந்தால் சுருதி ஏன் தாழ்கிறது? ஓபோ என்ற ஊதுகுழல் ஏன் ஆர்கனோடு ஒத்துப்போவதில்லை? ஹைனிக்கே முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் அவன் கேட்காததற்கும் சொல்ல ஆரம்பித்தார். ஈஸ்டர் சமயம் இருவரும் ஒரே மேசையில் பியர் குடித்தார்கள். "கேட்டே ஆளைக் கொன்னுடுவான்," என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். தொபியாஸும் 'ஐயா'வை விட்டு 'அண்ணே'வுக்கு வந்திருந்தான்.

வாரம் ஒரு புது இசை. சில வாரம் நன்றாக வந்தது. சில வாரம் சரியாக வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஆர்கன் தாளை ஒரு சுரம் இறக்கி எழுத அவன் ஒருநாளும் மறக்கவில்லை.

பதவியேற்பு விழாவுக்கு முந்தின நாள் ட்ரம்பெட்காரர்கள் ஒத்திகைக்கு வந்தார்கள். கோபுரத்தில் நின்று ஊதுகிறவர்கள். பெரிய விழாவுக்குத்தான் கீழே இறங்குவார்கள். தலைவர் பார்தெல் தாளைப் பார்த்ததும் திருப்பி நீட்டினார்.

"இது ஆகாது தம்பி. எங்க ட்ரம்பெட் ஆர்கன் சுருதிக்குச் செஞ்சது. மொத்தப் பாட்டையும் ஒரு சுரம் ஏத்து. இல்லேன்னா நாங்க வாயைத் துடைச்சிக்கிட்டு கோபுரத்துக்கே போறோம்."

பாடகர், வயலின், ஓபோ, ஆர்கன் எல்லாத் தாளையும் அன்றைக்கே ஏற்றி எழுதினான். ஹைனிக்கே பேரனின் ஞானஸ்நானத்துக்குப் பக்கத்து ஊர் போயிருந்தார். புதுத் தாளை ஆர்கன் மேலேயே வைத்துவிட்டான்.

மறுநாள் ஆராதனை தொடங்கிய பிறகுதான் ஹைனிக்கே மூச்சிரைக்க ஆர்கன் இருந்த மாடிக்கு ஏறி வந்தார். தாளைப் பார்த்தார். போன வார ஒத்திகையில் பாடகர்கள் பாடிய அதே உயரம். 'பையன் மறுபடியும் இறக்க மறந்துட்டான்,' என்று நினைத்தார். அவனை யார் காப்பாற்றுவது? பாட்டே ஒரு சுரம் ஏறியிருப்பது தெரியாமல், மனசார ஒரு சுரம் இறக்கி வாசித்தார்.

புது மேயர் நிமிர்ந்து பார்த்தார். கசாப்புக்கடைக்காரர் மறுபடி காதைப் பொத்தினார். தொபியாஸ் பாய்ந்து வந்து ஹைனிக்கேயின் இரு மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கினான். மிச்சப் பாட்டு ஆர்கன் இல்லாமலே ஓடியது.

ஆராதனை முடிந்ததும் மேயர் நேரே மாடிக்கு வந்தார். பின்னாலேயே நகரசபையும்.

"தப்பு யாரோடது?"

"என்னோடது," என்றார்கள் இருவரும்.

"சும்மா இருங்கண்ணே. பாட்டை ஏத்தினதைச் சொல்லாம விட்டது நான்."

"நீ சும்மா இருடா. கேக்காம இறக்கினது நான்."

"உங்களுக்கு வேலை போயிடும்!"

"உனக்கு வேலையே இன்னும் வரலை!"

மேயர் சபைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "போன கேன்ட்டரும் இந்த ஆர்கன்காரரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சொன்ன புகாரைக் கேட்டே நமக்குத் தலை நரைச்சுது. இங்க என்னடான்னா பழிக்குப் போட்டி நடக்குது."

"அதெல்லாம் சரி," என்றார் மெலிந்த சபைக்காரர் ஒருவர். "அதுக்காக வேலை குடுக்க முடியுமா? பாட்டைத்தான் நாம ஒழுங்காக் கேக்கவே இல்லையே."

"இப்பவே கேளுங்க," என்றான் தொபியாஸ்.

சபை மாடிப்படியிலேயே உட்கார்ந்தது. ட்ரம்பெட் எழுந்தது, ஆர்கன் அடியிலிருந்து தாங்கியது, வயலின்கள் நடுவே ஓடின. மெலிந்த சபைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் தொபியாஸ் தலையைச் சாய்த்து நின்றான்.

"அண்ணே, அந்த நடு இடத்துல ஓபோவை விட்டுட்டா எப்படி இருக்கும்? ஒரு தடவை பாத்துடலாமா?"

"பாத்துடலாம்," என்று ஹைனிக்கே கையை வைத்தார்.

"யோவ், விருந்து ஆறுதுய்யா!" என்று மேயர் எழுந்தார். "வேலை உனக்குத்தான். எழுதித் தர்றோம். முதல்ல நிறுத்து!"

பார்தெல் ஏற்கெனவே ஊத ஆரம்பித்திருந்தார்.