தலை டாக்டர் வரட்டும் என்றிருந்தோம்

எங்கள் தீவில் வியாதியைச் சேர்த்து வைக்கிற பழக்கம் உண்டு. காய்ச்சலையோ பேதியையோ சொல்லவில்லை, பெரிய டாக்டர் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மெயின்லேண்டிலிருந்து ஸ்பெஷலிஸ்டுகள் சில மாதத்துக்கு ஒரு தடவை போர்ட் பிளேருக்கு வந்து மூன்று நாள் உட்காருவார்கள். இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர், தலைக்கு ஒருவர். தேதி தெரிந்துவிட்டால் போதும், எங்கள் டெலானிபூரிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கிற கேம்பல் பே வரைக்கும் அவரவர் வலியைப் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

அப்படித்தான் என் வீட்டுக்காரரைக் கொல்லப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை. கடையில் துணி பண்டலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் "யா அல்லா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்மண்டையில் யாரோ கட்டையால் ஓங்கி அடித்த மாதிரி இருக்கிறதாம். இரண்டு தடவை வாந்தி. கேஷுவாலிட்டிக்குப் போகலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டார். தடுத்தது நான்தான். "அங்க போனா ஒரு மாத்திரையைக் குடுத்து அனுப்பிடுவாங்க மச்சான். திங்கக்கிழமை தலை டாக்டரே வர்றாரு. நேரா அவர்கிட்ட காட்டுவோம், பொறுங்க" என்றேன். என் யோசனை மேல் எனக்கு எப்போதும் தனி மரியாதை. அவரும் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தார்.

திங்கட்கிழமை விடியும்போதே போய் டோக்கன் வாங்கினோம். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாபி அம்மா, கேம்பல் பேயிலிருந்து கப்பலில் வந்தவர், டோக்கன் எங்களுக்கு வெகு பின்னால். அவர் வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்தவராம். அந்த மனுஷனுக்கு இரண்டு மாதமாக வலிப்பு வருகிறதாம். நான் தமிழ் மணக்க ஹிந்தி பேச, அவர் பஞ்சாபி மணக்க ஹிந்தி பேச, எங்கள் முறை வரப்போகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்தார்.

டாக்டர் வெளியே ஓடிவந்தார். கழுத்தை மடக்கிப் பார்த்தார், கல்லு மாதிரி இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்றில், சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்ளுமே, அப்படி ஒரு கொப்புளம். அது சனிக்கிழமையே கசிந்திருக்கிறது, இப்போது மறுபடியும் கசிந்திருக்கிறது. "இன்னொரு தடவை வெடிச்சா நம்ம கையில இருக்காதும்மா" என்றார். ரெண்டு நாளாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

"அப்ப இப்பவே ஆபரேஷன் பண்ணுங்க" என்றேன்.

"இங்க முடியாதும்மா. சென்னைக்குக் கொண்டு போகணும்."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க இங்க இருக்கீங்க, அவரு தலையும் இங்க இருக்கு, அப்புறம் எதுக்கு சென்னை? கை நடுங்குதா உங்களுக்கு?" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கோபப்படவில்லை. "மண்டையைத் திறக்கிறது நான் ஒருத்தன் இல்லம்மா. அதுக்குன்னு ஒரு மைக்ரோஸ்கோப் வேணும். மூளை ஆபரேஷனுக்குன்னே பழகின மயக்க டாக்டர் வேணும். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எந்தக் கருவின்னு தெரிஞ்சு கையில வைக்கிற நர்ஸ் வேணும். முடிஞ்சப்புறம் ரெண்டு வாரம் கண் அசராம பார்த்துக்க ஆளுங்க வேணும். அவங்க இருந்தாத்தான் நான் சர்ஜன். இங்க நான் சீட்டு எழுதுற ஆளு" என்றார்.

சென்னைக்கு மறுநாள் காலை விமானம். பின் சீட்டுகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட்டுத் தருவார்கள், ஆனால் வழியில் மூச்சு நின்றால் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு டாக்டர் கூடவே வர வேண்டும். ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் லீவு. இன்னொருவரையும் எங்களோடு அனுப்பிவிட்டால் பிரசவத்துக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டிவந்தால் யார் இருப்பார்கள்? தலை டாக்டர் வெளியே வரிசையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, மீதி இரண்டு நாள் முகாமை விட்டுவிட்டுத் தானே வருவதாகச் சொன்னார்.

சாயங்காலம் வரை பார்த்தும் வரிசையில் பாதிப் பேர் மிச்சம். வெளியே வந்து அவரே விஷயத்தைச் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. எழாமல் இருக்குமா? கப்பலுக்குக் காத்திருந்து வந்தவர்கள். அந்தப் பஞ்சாபி அம்மாதான் முதலில் எழுந்தார். கையிலிருந்த டோக்கனை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "லே ஜாவ் பெஹன்" என்றார். கூட்டிக்கொண்டு போ தங்கச்சி. எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல வரவில்லை. எங்கே மனசை மாற்றிக்கொள்வாரோ என்ற பயத்தில் அவர் முகத்தையே பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

சென்னையில் இன்னொரு டாக்டர் வந்தார். தொடை வழியாகக் கம்பியை விட்டுக் கொப்புளத்தை உள்ளிருந்தே அடைக்கிறவராம். அவரும் நம்ம டாக்டரும் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினார்கள். கொப்புளத்தின் வாய் அகலமாக இருந்ததால் திறந்து கிளிப் போடுவது என்று முடிவானது. துணி காயப்போடுகிற கிளிப் மாதிரிதான், ஆனால் நகக்கண் அளவு.

தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் கதவு திறந்தது. ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், வந்துகொண்டே இருந்தார்கள். பெண்கள், வயதானவர்கள், முகமூடித் தடத்தோடு இளவயசுப் பிள்ளைகள். கல்யாண மண்டபம் கலைகிற மாதிரி இருந்தது. போர்ட் பிளேரில் நான் கத்தின கத்தலை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் இரண்டு வாரம், மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் அவரை எழுப்பி, "உங்க பேரென்ன? எங்க இருக்கீங்க?" என்று கேட்பாள். ஒருநாள் "டெலானிபூர்" என்றார். தப்பான பதில்தான், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். ரத்தக்குழாய் சுருங்க ஆரம்பித்திருந்ததாம், மருந்தைக் கூட்டினார்கள். அவள் சிரித்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது கை கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

அடுத்த முகாம் வர ஐந்து மாதமாயிற்று. காட்டிவிட்டு வரலாம் என்று போனோம். போன தடவை பார்க்காமல் விட்டவர்களை முதலில் கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அவர்களில் கடைசியாக, கேம்பல் பே மிலிட்டரிக்காரர் பெயரை நர்ஸ் மூன்று தடவை கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"கப்பல் டிக்கெட் கிடைச்சிருக்காது" என்றாள் நர்ஸ்.

"ஆமாமா, அதான் இருக்கும்" என்றேன் நான், அவசர அவசரமாக.

டாக்டர் லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். அது என் வீட்டுக்காரருடைய பெயர்.