மீன் படாத நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். கவிதை கிறுக்குகிறவன் கையில் கணக்கைக் கொடுத்தது யார் புத்தியோ. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்து ஒரு வரி எழுத வேண்டும். அவர் வருவதற்கு முந்தின நாள் சராசரியில் ஒரு கணக்குப் போட்டேன்.

மீமிசலில் ஒரு படகு ஐந்து நாளில் கொண்டுவந்த மீன்: பன்னிரண்டு கூடை, எட்டு, சைபர், பதினாலு, ஆறு. நாளுக்குச் சராசரி என்ன?

நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு. வகுப்பு முழுக்கப் பத்து என்று எழுதியிருந்தது. முப்பது தலை, ஒரே தப்பு. தப்பிலாவது ஆளுக்கொரு புத்தி வேண்டாமா? ஒரே சாணியில் தட்டிய வறட்டிகள்! முதல் பெஞ்சுக்காரனை எழுப்பினேன்.

"ஏன்டா நாலால வகுத்த?"

"மீனு படாத நாளை எப்பிடி சார் சேக்குறது? அன்னைக்குத்தான் ஒண்ணுமே இல்லையே."

பக்கத்தில் இருந்தவன் விராலிமலைக்காரன், குடியானவர் வீட்டுப் பிள்ளை. "வெளையாத வயலுக்கு யாரு சார் நெல்லளக்க மரக்கால் தூக்கிட்டுப் போவா?"

வகுப்பு சிரித்தது. மடையன்களா என்று வாய் திறந்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நீங்கதான சார் சொன்னீங்க, சைபர் வந்தா விட்டுத் தள்ளுங்கடான்னு."

சொல்லியிருந்தேன். கூட்டல் நடத்தியபோது, மணி எப்போது அடிக்கும், வெயிலில் எப்போது இறங்கி நடக்கலாம் என்று தவித்த ஒரு மத்தியானத்தில். நோய் எங்கே என்று முப்பது பேர் நாடியைப் பிடித்தவனுக்கு அது தன் நாக்கிலேயே அகப்பட்டது. ஒத்துக்கொண்டேனா? "அது கூட்டலுக்குடா, கழுதைகளா!" என்று கத்திப் பலகையை அழித்தேன். அவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர், தலைப்பாகையும் மூக்குப்பொடியுமாக, மழையை வைத்து ஒரு சராசரிக் கணக்குக் கேட்டார். நடுவில் ஒரு நாள் மழையில்லை. வகுப்பு அந்த வறண்ட நாளை ஒரே வாயாகத் தின்றுவிட்டது.

"யாருடா இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?"

முப்பது விரல்கள் என்னைக் காட்டின. அந்தப் பயல்கள் சேர்ந்து சரியாகச் செய்தது அது ஒன்றைத்தான்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாருங்க. இந்த வருஷம் சர்வீஸ்ல சேராது."

"சேராதுன்னா?"

"இல்லாத மாதிரிதாங்க."

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கித் தின்ற வருஷம். சாக்பீஸ் தூளை விழுங்கி விழுங்கித் தொண்டை வெளுத்த வருஷம். விட்டுத் தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் காலை அதே ஐந்து நாளைப் பலகையில் எழுதினேன். "நான் சொன்னதுதான்டா தப்பு. இந்த சைபரையும் ஒரு நாளா எண்ணணும்."

விராலிமலைக்காரன் எழுந்தான்.

"இப்ப எதுக்கு சார்? அதான் இன்ஸ்பெக்டரு போயிட்டாருல்ல?"