மொட்டை போட்டு எழுதிய ஜெர்மன் பரீட்சை

என் அக்கா சிவசங்கரி ஜெர்மன் படித்தது தபாலில். 1999இல் அவள் ஆந்திராவின் கார்வேட்டிநகரத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப்பேர் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் வேலைக்குக் கிளம்பிய காலம். அக்கா அதையும் தாண்டி ஜெர்மனிக்கு நர்ஸாகப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டதும் புத்தகமும் கேசட்டும் வந்தன. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தெலுங்கு, புத்தகத்தில் விளக்கம் இங்கிலீஷ். ஜெர்மனைத் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள். அதைப் பொறுமையாகக் கேட்டது எங்கள் எருமை மட்டும்தான்.

ஒரே ஒரு பரீட்சை, தவறினால் கேசட்டில் பக்திப் பாட்டு பதிந்துகொள்வேன் என்று நைனா சொல்லியிருந்தார். செய்யக்கூடியவர்தான்.

பரீட்சை திருப்பதியில். அங்கேதான் வம்பு. அக்கா பாஸானால் அவளும் அக்காவும் நானும் மூன்று பேரும் முடி கொடுப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். பரீட்சைக்கு முதல் நாளே எங்களை மலைக்கு அழைத்துப்போனாள். பாஸான பிறகு கொடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன்.

"இம்மாந்தூரம் வந்துகினு சாமிக்குக் கடன் சொல்லிட்டுப் போவச் சொல்றியா?" என்றாள் அம்மா.

அக்கா மறுக்கவில்லை. அவளுக்கும் பயம். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சாமியால் கைவிட முடியாது என்று கணக்குப் போட்டிருந்தாள். மூன்று மொட்டைகளாகக் கீழே இறங்கினோம்.

மறுநாள் பரீட்சை நடந்த பள்ளி வாசலில் கோவர்த்தனன் என்ற மேற்பார்வையாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "போட்டோவுல ரெண்டு ஜடை இருக்குது. ஆளுகிட்ட காணோமே" என்றார். தெருவில் எதிரே வருபவர்களில் பாதிப்பேர் மொட்டையாக இருக்கும் ஊரில் இப்படி ஒரு சந்தேகம். தாய் நானே சாட்சி என்றாள் அம்மா. அவர் அம்மாவின் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலும் கொண்டை இருந்தது. அக்கா அழ ஆரம்பித்தாள்.

அம்மா கடைத்தெருவுக்கு ஓடினாள். இரண்டு சவுரியும் ஒரு ஸ்கார்ஃபும் வாங்கிவந்து, சவுரியை ஸ்கார்ஃபோடு சேர்த்து ஊக்கு குத்தி, ரிப்பன் கட்டி, அக்காவின் தலையில் மாட்டினாள். எல்லாம் அந்த மனிதரின் கண்ணெதிரே நடந்தது. அவர் மறுபடி போட்டோவைப் பார்த்தார். "இப்ப சரியா இருக்குது, உள்ள போம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

எழுத்துப் பரீட்சையைச் சமாளித்துவிட்டாள். கடைசியில் பேச்சுப் பரீட்சை. கதவுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தோம். மெட்ராஸிலிருந்து வந்த அம்மையார் உன் தோற்றத்தைச் சொல் என்று ஜெர்மனில் கேட்டார். இந்தப் பாடம் அக்காவுக்குத் தலைகீழாகத் தெரியும். கண் கறுப்பு, உயரம் நடுத்தரம், முடி நீளம் என்று எருமையிடம் நூறு தடவை ஒப்பித்ததுதான். கண்ணைச் சொன்னாள், உயரத்தைச் சொன்னாள். முடியில் வந்து நின்றுவிட்டாள். அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். போச்சு, கேசட்டில் பக்திப் பாட்டு என்று நினைத்தேன்.

அக்கா ஸ்கார்ஃபை எடுத்தாள். சடை இரண்டும் அதோடு வந்து மேஜைமேல் விழுந்தன. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"எனக்கு முடி இல்லை. நேற்று இருந்தது."

அது எந்தக் கேசட்டிலும் இல்லாத வாக்கியம். அவளே செய்தது. அந்த அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மார்க் போட்டார்.

பாஸானாள். நர்சிங் முடித்தாள். விசாவுக்கும் அம்மா வேண்டிக்கொண்டாள். இந்தத் தடவை விசா கைக்கு வந்த பிறகுதான் முடி என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். விமானத்துக்கு முதல் நாள் சொன்னபடியே மலையேறிக் கொடுத்தாள்.

ஜெர்மனி விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாளாம். அந்த வாக்கியம்தான் அவளிடம் தயாராக இருந்ததே.