நேயர் விருப்பத்தில் ஒரு பெயர்

அன்புவழிபுரத்துப் பாக்கியரத்தினத்துக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, வானொலிக்குத் தபாலட்டை போட்டுப் பாட்டுக் கேட்பது. பாட்டைவிட, ஞாயிறு மத்தியானம் கூட்டாளிமாரின் பெயர்களோடு தன் பெயரும் வாசிக்கப்படுவதில்தான் அவனுக்குப் பெருமை.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பில் கூட்டாளி தவநேசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்க நாதியில்லை. பாழாய்ப்போன பழக்கதோசம், அடுத்த அட்டையிலும் முதற்பெயராக அவனுடையதையே பாக்கியரத்தினம் எழுதிவிட்டான்.

வானொலியில் அந்த முதற்பெயரைக் கேட்டதுமே, மிச்சத்தைக் கேட்க நிற்காமல், தவநேசனின் தாய் வள்ளியம்மா தலைமுடி அவிழப் பாக்கியரத்தினத்தின் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“தம்பி, கேட்டனியே? என்ர பிள்ளை பாட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான்! எங்கேயோ உயிரோட இருக்கிறான்!”

“இல்லையம்மா, அது நான்...” என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

“இத்தனை நாளும் சோறு இறங்கேல்லை. இண்டைக்குத்தான் மோனே பசிக்குது,” என்றாள். அங்கேயே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் அவனுடைய வானொலிக்கு முன்னால் வந்து குந்தியிருக்கிறாள். பெயர் வராத ஞாயிறுகளில் பட்டினி. பாக்கியரத்தினத்துக்குப் பாட்டென்றாலே குமட்டுகிறது. ஆனாலும் அட்டை போடுகிறான். அதில் தன் பெயரை எழுதுவதில்லை. தவநேசனுடையதை மட்டும் எழுதுகிறான்.