வாங்க மறுத்த தபால்

கோர்ட்டிலிருந்து வரும் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால், அதில் எழுதியிருப்பதற்கெல்லாம் நாம் சம்மதித்ததாக ஆகிவிடுமா?

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் சுருளிராஜன் இப்படிக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்குமே தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் வந்த வினைதான் இது.

சுருளிராஜனுக்கு முப்பத்தெட்டு வயது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். தூக்குவாளியும் பழைய சட்டையுமாக பதினான்கு பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்ததும், பாட்டை அலறவிட்டுக்கொண்டு கம்பம்மெட்டு மலையில் ஏறுவார். எந்த வளைவில் லாரி வரும், எந்த இடத்தில் மண் சரியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

காகிதம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. ஸ்டாண்டில் யாருக்குமே ஆகாது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றினாய், அந்தச் சான்று இல்லை, இந்தச் சான்று இல்லை என்று ஏதாவது ஒரு நோட்டீஸ் யாருக்காவது வந்துகொண்டே இருக்கும். "ஆள் இல்லைன்னு எழுதிக்கங்கண்ணே" என்று தபால்காரரிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பல தபால்கள் அதோடு போயும் விட்டன. கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான் என்பது அந்த ஸ்டாண்டின் எழுதாத சட்டம்.

அவருடைய மனைவி ஜோதிலட்சுமிக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டி. ஒரே மகள் ஓவியா அப்போது இரண்டாம் வகுப்பு. போன ஐப்பசியில் ஜோதிலட்சுமிக்குத் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. போகக் கூடாது என்றார் சுருளிராஜன்.

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கிறான்னு ஸ்டாண்டுல சிரிப்பானுக."

"தெனமும் பதினாலு பொம்பளைகள வேலைக்கு ஏத்திட்டுப் போறீகளே, அவுகள்லாம் யாரு பொண்டாட்டி?" என்று ஜோதிலட்சுமி கேட்டார்.

சுருளிராஜன் ஆத்திரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். தட்டு ஓவியாவின் காலடியில் போய் விழுந்தது. மறுநாள் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஜோதிலட்சுமி மகளின் புத்தகங்களையும் இரண்டு பை துணியையும் எடுத்துக்கொண்டு ஆண்டிபட்டி பஸ் ஏறிவிட்டார்.

கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று சுருளிராஜன் நினைத்தார். வாரம் ஒருமுறை போன் பண்ணி ஓவியாவிடம் பேசுவார். 'தப்புதான், வா' என்று ஜோதிலட்சுமியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தை மாதத்துக்குப் பிறகு அந்தப் போனையும் அங்கே யாரும் எடுக்கவில்லை.

மாசியில் ஒருநாள் தபால்காரர் ஸ்டாண்டுக்கே வந்தார்.

"சுருளி, கோர்ட் தபால்ப்பா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

உறையின் மேல் அனுப்பியவர் இடத்தில் தேனி கோர்ட் என்று இருந்தது. சுருளிராஜன் அதை வாங்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் சொல்ல முன்னால் வந்தவர் அழகுமலை. அவரும் ஜீப் வைத்திருப்பவர்தான். காட்டு வரப்புத் தகராறுக்காகப் பன்னிரண்டு வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். அதனால் ஸ்டாண்டில் அவருக்கு அரை வக்கீல் என்று பெயர்.

"தொடாத. இது டைவர்ஸ் தபால்தான். வாங்கிட்டா நீ ஒத்துக்கிட்டன்னு அர்த்தம். வாங்காம விட்டா கேஸ் அங்கனயே நிக்கும். எதிர்ல ஆளே இல்லாம கோர்ட்டு யாருகிட்டப் போயிக் கேக்கும்?"

"ஒங்க கேஸு பன்னெண்டு வருசமா நிக்கிறது அதனாலதானாண்ணே?" என்றார் சதாம். அவரும் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். சுருளிராஜனும் சிரித்துவிட்டுத் தபால்காரரைப் பார்த்தார்.

"ஆள் இல்லைன்னு எழுதிக்கங்க."

"நேர்ல நிக்கிற, ஆள் இல்லைன்னு எப்படிப்பா எழுதுறது? வாங்க மறுத்தார்னுதான் எழுதணும்."

"எழுதிக்கங்க" என்றார் சுருளிராஜன்.

பங்குனியில் இன்னொரு தபால் வந்தது. அதையும் அப்படியே திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலம் அவருக்கு மனசு லேசாக இருந்தது. டைவர்ஸுக்கு நான் சம்மதிக்கவில்லை, இனி யாரும் பிரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டார். அவர் ஜோதிலட்சுமியை விட்டுவிட நினைத்து அந்தத் தபாலைத் திருப்பவில்லை. விடக் கூடாது என்று நினைத்துத்தான் திருப்பினார். இதை எண்ணும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள், சுருளிராஜன் ஓவியாவுக்கு ஒரு புதுப் பை வாங்கிக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போனார். கதவைத் திறந்த ஜோதிலட்சுமி உள்ளே கூப்பிடவில்லை. திரும்பிப் போய் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்து நீட்டினார்.

"இப்ப எதுக்கு வந்தீக? எல்லாம் முடிஞ்சு போச்சு. சித்திரையிலயே தீர்ப்பு ஆயிருச்சு."

"எப்படி ஆகும்? நான் கையெழுத்தே போடலையே."

"வாங்க மறுத்தார்னு எழுதி வந்துச்சு. ஜட்ஜம்மா வாசிச்சாக. வாங்க மறுத்தாலும் ஒங்களுக்குத் தகவல் சேந்ததாத்தான் கணக்காம்."

"அழகுமலை அண்ணன் சொன்னாரு…"

"அழகுமலை அண்ணனா எனக்குத் தாலி கட்டுனாரு?" என்றார் ஜோதிலட்சுமி. "ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயி கோர்ட்டு வராண்டாவுல உக்காந்திருந்தேன். சுருளிராஜன், சுருளிராஜன், சுருளிராஜன்னு மூணு தடவை கூப்பிட்டாக. ஒவ்வொரு தடவையும் வாசலத் திரும்பித் திரும்பிப் பாத்தேன். வந்து நின்னு ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் என்ன முடிவெடுத்திருப்பேனோ எனக்கே தெரியாது. நீங்க வரவே இல்ல. எங்களப் பத்தி ஒரு காகிதத்த வாங்கக்கூட மனசில்லாத ஆளுன்னு அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன்."

சுருளிராஜன் காகிதத்தைப் புரட்டினார். எதிர்மனுதாரர் வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு என்று இருந்தது. குழந்தை தாயிடமே இருக்க வேண்டும் என்று இருந்தது. தகப்பன் எப்போது பார்க்கலாம் என்று ஒரு வரியும் இல்லை. கேட்க ஆள் இருந்தால்தானே அந்த வரி வரும். ஓவியா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த சத்தம் வாசல் வரை கேட்டது. பையை மட்டும் வாங்கிக்கொண்டு ஜோதிலட்சுமி கதவைச் சாத்தினார்.

ஊருக்கு வந்ததும் சுருளிராஜன் நேராக அழகுமலையிடம் போய் நின்றார்.

"நான் காட்டுக் கேஸுக்குச் சொன்னேன்ப்பா. குடும்பக் கேஸு வேற மாதிரி இருக்கும்போல" என்றார் அழகுமலை. அவர் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் இருந்திருக்கலாம். இல்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மதுரையில எனக்கு ஒரு ஆளத் தெரியும், பேசிப் பாக்குறேன்" என்று சொல்லி மேலும் ஒரு மாதத்தை இழுத்தடித்தார். மதுரை ஆள் போனே எடுக்கவில்லை. யூடியூப்பில் தேடியபோது, சீக்கிரம் விவாகரத்து வாங்குவது எப்படி என்றுதான் வரிசையாக வீடியோ வந்தது. ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே தூக்கி வந்துவிடு என்றுகூட ஒருவர் சொன்னார். நல்லவேளை, அதை மட்டும் அவர் கேட்கவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் ஜீப்பில் பாட்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. மலை ஏறும் வரை வண்டியில் சத்தம் இல்லை. முன் சீட்டில் எப்போதும் உட்காரும் மொக்கம்மாள், ஐம்பது வயதுக்காரர், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, மூஞ்சி ஒரு மாசமா செத்துக் கெடக்கு?"

சுருளிராஜன் மூன்றாவது வளைவுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அடப்பாவி! கோர்ட்டு தபாலத் திருப்பி அனுப்பலாமாடா?" என்று மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "தேனி கோர்ட்டுக்குள்ளயே சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. அங்கன வக்கீல் வச்சுத் தருவாக, காசு வாங்க மாட்டாக. எம் மகளுக்கு ஜீவனாம்சம் அங்கன போய்த்தான் வாங்குனோம்."

"எங்க பாகப்பிரிவினைய அங்கன பேசித்தான் முடிச்சோம்" என்றார் பின்னால் இருந்த ஒரு பெண்.

"எங்க மதினிக்கும் அங்கனதான்" என்றார் இன்னொருவர்.

சுருளிராஜன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இத்தன நாளா ஏன் ஆத்தா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ கேட்டதெல்லாம் மீசை வச்ச ஆளுககிட்டத்தான். எங்கள ஏத்துனதும் பாட்டப் போட்டு வாய அடைச்சிருவ."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். சுருளிராஜனுக்கு அந்த மலையிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக ஊரெல்லாம் தேடிய விஷயம் தினமும் அவர் வண்டியில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறது.

மறுநாளே வண்டியைச் சதாமிடம் கொடுத்துவிட்டுத் தேனிக்குப் போனார். அந்த அலுவலகத்தில் பெயர், வருமானம் எல்லாம் எழுதிக்கொண்டு, முபீனா என்ற வக்கீலிடம் அனுப்பினார்கள். உத்தமபாளையத்துப் பெண். சுருளிராஜனை விட வயதில் சின்னவர். தீர்ப்பை முழுவதும் படித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"தபால வாங்குறதுக்கும் சம்மதிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. தபால வாங்குனா, இப்படி ஒரு கேஸ் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதான். அதுக்குப் பெறகு வந்து, நான் ஒத்துக்கலன்னு சொல்லலாம். நீங்க சொல்றதுக்கு இருந்த ஒரே கதவ நீங்களே சாத்திட்டீக."

"இப்ப ஒடைக்க முடியாதா?"

"தீர்ப்பு வந்த முப்பது நாளுக்குள்ள வந்திருந்தா நேரா மனு போட்டிருக்கலாம். இப்ப மூணு மாசம் ஆச்சு. ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லி முதல்ல ஒரு மனு போடணும். என்ன காரணம் சொல்வீக?"

சுருளிராஜன் அழகுமலையை நினைத்துப் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக" என்றார் முபீனா. "தீர்ப்ப ஒடைச்சுட்டா அவுக திரும்பி வந்துருவாகளா?"

"வர மாட்டா."

"அப்ப எதுக்கு ஒடைக்கணும்? ஸ்டாண்டுல காட்டவா? அதுக்கு வருசக்கணக்கா நடக்கலாம். பிள்ளையப் பாக்க அனுமதி வேணும்னு ஒரு மனு போட்டா, அதுக்கு இப்பவும் வழி இருக்கு. பிள்ளை விசயத்துல ஒரு தடவை தீர்ப்பு வந்தாலும் திரும்பக் கேக்கலாம்."

சுருளிராஜன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் கம்பம் வரும்வரை, தோற்றுப்போனவனாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறாள் இந்த வக்கீல் என்று மனசு பொருமியது. வீட்டுக்கு வந்து ஓவியாவின் பழைய நோட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அவள் இப்போது எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்பதே தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முபீனாவுக்குப் போன் பண்ணி, "பிள்ளையப் பாக்கணும், அதுக்கே போடுங்க" என்றார்.

ஆவணிக் கடைசியில் மனு விசாரணைக்கு வந்தது. சுருளிராஜன் ஒன்பது மணிக்கே வராண்டாவில் நின்றார். முதல் தடவை பெயர் கூப்பிட்டதுமே உள்ளே ஓடினார். குழந்தையைப் பார்க்க விடச் சம்மதமா என்று ஜட்ஜம்மா கேட்டபோது, ஜோதிலட்சுமி, "பாக்கட்டும்மா. ஆனா எங்க வீட்டுக்கு வர வேணாம்" என்றார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோர்ட்டில் இருக்கும் குழந்தைகள் அறையில், இரண்டு மணி நேரம் என்று உத்தரவானது.

முதல் சனிக்கிழமை சுருளிராஜன் பால்கோவா வாங்கிக்கொண்டு போனார். ஓவியா அதைத் தொடவில்லை. முன்பல் இரண்டு விழுந்து ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அறையின் மூலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படம் வரைந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "தட்டு எறிய மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"மாட்டேன்டா."

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள், டீச்சர் பெயரைச் சொன்னாள். சிநேகிதி மகிமாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது நேரம் முடிந்துவிட்டது என்று அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து கூப்பிட்டார். சுருளிராஜன் பாதிக் கதையோடு வெளியே வந்தார். மீதிக் கதைக்குப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் படித்திருந்தால், நல்லதோ கெட்டதோ, அவர் அந்த வராண்டாவில் மாசியிலேயே நின்றிருப்பார்.

இதைப் படித்த நீங்கள் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு ஸ்டாண்டு இருக்கும், அதில் ஒரு அரை வக்கீல் இருப்பார், தபாலைக் கண்டு பயப்படுகிற ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கோர்ட் தபால் வந்தால் வாங்கிப் பிரிக்கச் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்டுவிட்டு இன்னொருவரிடம் சொல்லட்டும்.