நான் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

போன வியாழக்கிழமை சாயங்காலம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஓசூர் பக்கம் மத்திகிரியில் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிர் வீட்டு சாந்தா ஒரு டப்பா கேசரியோடு வந்துவிட்டார்.

எதற்குக் கேசரி? எனக்கு நன்றி சொல்ல!

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? ஓசூரில் ஒரு கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களுக்காக இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பாடத்தில் பார்ட் டைம் முதுகலைப் படிப்பு தொடங்குகிறது, அதற்குப் பாடத்திட்டம் போடும் கமிட்டியில் அடியேனும் உண்டு என்று. பேராசிரியர்கள் எல்லாம் வெளியூர். இந்த ஊர்த் தொழிற்சாலை நிலவரம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருக்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? டேட்டாபேஸ் இரண்டு செமஸ்டர் வேண்டும் என்று வாதாடினேன். கம்ப்யூட்டர் மொழிகளில் கோபோல் மட்டும் போதாது, சி-யும் வேண்டும் என்றேன். அமெரிக்காவில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் தெரியுமா என்று, எங்கேயோ படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே... அது ஒரு போதை.

கடைசியில் லேப் பேச்சு வந்தது. தியரி வகுப்புகள் சாயங்காலம். வார நாட்களில் லேபைப் பகல் நேரப் பிள்ளைகள் விடமாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை முழுசா லேப் வெச்சுடலாம்" என்றேன். ஒரு பேராசிரியர் பேனாவை நிறுத்திவிட்டு, இங்கே எல்லோருக்கும் ஞாயிறு லீவுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசிக்கவே இல்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே நாளில் வராது. கரண்ட் போதாது. எல்லாத் தொழிற்சாலையும் ஒன்றாக ஓடினால் தாங்காது. அதனால் ஒரு பக்கத்துக்குப் புதன், இன்னொரு பக்கத்துக்கு வெள்ளி என்று வார லீவைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். தெருவில் ஒரு வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்போது அடுத்த வீட்டில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான் ஊரோடு ஒத்த ஞாயிறு. இங்கே ஞாயிறு லீவு என்பது ஒரு பதவி உயர்வு.

நானும் ஷாப் ஃப்ளோரில், மெஷின் பக்கத்தில் நின்றவன்தான். பல வருஷம் எனக்குப் புதன்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமை நடந்த சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே லீவு போட்டுப் போனவன். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அன்றைக்கு அந்த நினைப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

சாந்தாவுக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும், கால் வீங்கிவிடும். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் செக்‌ஷன் வரப்போகிறது. இந்தப் படிப்பில் சேர்ந்தால் அங்கே எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். லீவு நாளில் அவருடைய முதல் வேலை இந்தப் பக்கத்தைப் படிப்பதாம். அதில் பார்த்துத்தான் கல்லூரிக்கு விசாரிக்கப் போயிருக்கிறார்.

சேர்ந்தாச்சா என்று ஆர்வமாகக் கேட்டேன்.

"இல்லீங்கண்ணா. லேப் ஞாயித்துக்கெழமைங்கறாங்க. எங்க கம்பெனில வியாழக்கெழமதான லீவு? லேபுக்கு வராதவங்களப் பரீட்சைக்கு உடமாட்டாங்களாம்."

எனக்கு வாயில் கேசரி. டப்பாவை மூடி வைத்தேன்.

சாந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க? நீங்க எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க. வெளியூர்க்காரங்க, அவங்களுக்கு எங்க புரியப்போவுது? நம்ம ஊருக்கு இப்பிடி ஒரு படிப்பு கொண்டாந்தீங்களே, அதுவே பெருசு."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாந்தா, அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்ததே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? பெருமூச்சு விட்டேன். 'என்னத்தைச் சொல்ல' என்பது மாதிரித் தலையை ஆட்டினேன். அந்தப் பேராசிரியர்களை, என்னை நம்பிக் கேட்டுக் குறித்துக்கொண்ட மனிதர்களை, ஒரு தலையாட்டலில் முட்டாள்களாக்கிவிட்டேன்.

எதிர் வீட்டில் அவர் கணவர் பிள்ளையைத் தெலுங்கில் அதட்டுவது கேட்டது. சாந்தா போய்விட்டார்.

உள்ளே என் மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமன்னு நான்தான் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அன்னைக்கு வந்து எங்கிட்டப் பெருமையாச் சொன்னீங்களே?"

வெட்கத்தில் காது சுட்டது. இந்த வயதில், சொந்த வீட்டில், மனைவி முகத்தைப் பார்க்காமல் காபி குடித்தேன்.

நம் ஆள் ஒருவர் கமிட்டிக்குப் போனால் நம்மைப் பற்றிச் சொல்வார் என்று நம்புகிறோம். போனவரோ, உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அந்த நாற்காலிக்கு ஆளாகிவிடுகிறார். மற்றவர்களைச் சொல்லவில்லை... என்னைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் நல்ல மனிதர். "நீங்கதானே சார் ஞாயிறுன்னீங்க?" என்று ஒரு முறை கேட்டார், அதோடு விட்டுவிட்டார். வியாழன் காலையில் பிள்ளைகள் வருமுன் லேப் காலியாகத்தான் இருக்கிறதாம். ஒரு பேட்ச் வைக்கலாம். ஆனால் நான் சொன்னால் மட்டும் போதாது. வியாழன் லீவுக்காரர்களே நேரில் வந்து கேட்கட்டும் என்றார். என் வார்த்தைக்கு இப்போது அவ்வளவுதான் மதிப்பு. நியாயம்தான்.

அப்படியானால் முதலில் கூப்பிட வேண்டியது எதிர் வீட்டை. ஞாயிறு எப்படி வந்தது என்று சொல்லாமல் வியாழனைப் பற்றிப் பேச முடியாது. தெரு என்ன அகலம்? ஒரு ஆட்டோ போனால் சைக்கிள் ஒதுங்க வேண்டும். அதைத் தாண்ட என்னால் இன்னும் முடியவில்லை. கேசரி டப்பாவைக் கழுவி டிவி மேல் வைத்திருக்கிறாள் மனைவி. நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.

அதுவரை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாந்தா, நான் யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. ஞாயிறு என்று சொன்னதே நான்தான். மாதக் கடைசி வரை சேரலாம். உங்கள் கம்பெனிக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். நான் கூட வரலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பத்திரிகை எங்கள் ஊர்க் கடைக்கு வருவது வியாழக்கிழமை. சாந்தாவுக்கு அன்றைக்கு லீவு.